நிஷ்னி நோவ்கோரத் தந்த மனிதர்கள்: கேள்வி பதில்

ரஷ்யாவில் வோல்கா, ஓக்கா ஆறுகள் கூடும் இடத்தில் 1221-இல் எழுந்த ஊர் நிஷ்னி நோவ்கோரத். அங்கே பிறந்த எழுத்தாளர் மக்சீம் கார்க்கியின் பெயரால், 1932 முதல் 1990 வரை அதன் பெயர் கார்க்கி. அங்கே பிறந்தவர்கள், வளர்ந்தவர்கள் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: பீட்டர்ஸ்பர்க், மாஸ்கோ இருக்க, இந்த ஊரை ஏன் எடுத்தீர்கள் ஐயா? அப்படி என்ன தனிச்சிறப்பு?

தலைநகரங்களின் பெரிய மனிதர்களில் பாதிப் பேர் பிரபுக்கள் வீட்டுப் பிள்ளைகள். நிஷ்னியில் பெரும்பாலும் கடைக்காரர் மகன், சாயப்பட்டறைக்காரர் பேரன், குமாஸ்தா மகன், பாதிரியார் மகன். ரஷ்யாவின் தலை பீட்டர்ஸ்பர்க், இதயம் மாஸ்கோ, சட்டைப்பை நிஷ்னி என்று அங்கே ஒரு பேச்சு உண்டு. மக்காரியெவ் என்ற இடத்தில் நடந்துவந்த பெரிய சந்தை 1816-இல் தீப்பிடித்து அழிந்தது. அடுத்த ஆண்டே அந்தச் சந்தை நிஷ்னிக்கு வந்துவிட்டது. பாரசீகத்துப் பருத்தி, சீனத்துத் தேயிலை, உரால் இரும்பு எல்லாம் ஆற்றுவழியே வந்து இங்கே கைமாறின. கைத்தொழிலும் வியாபாரமும் புழங்கும் தெருவில் வளரும் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் கிடைக்காமல் போனாலும் உலகம் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். இந்த ஊர்க்காரர்களை எனக்குப் பிடித்துப்போனதற்கு அதுதான் காரணம்.

கேள்வி: கார்க்கி உண்மையிலேயே அவ்வளவு கஷ்டப்பட்டாரா, அல்லது சோவியத் காலத்தில் ஊதிப் பெரிதாக்கினார்களா?

பட்டார். சோவியத் ஆட்சி வருவதற்கு முன்பே அவர் தன் கையால் எழுதிவைத்த விஷயங்கள் இவை.

இயற்பெயர் அலெக்ஸேய் பெஷ்கோவ். 1868 மார்ச்சில் நிஷ்னியில் பிறந்தார். அஸ்த்ரகானில் அப்பா காலராவில் இறந்தபோது பையனுக்கு வயது மூன்று. அம்மா அவனைக் கூட்டிக்கொண்டு பிறந்த வீட்டுக்கே திரும்பினார். தாத்தா வசீலி காஷிரின் சாயப்பட்டறை வைத்திருந்தவர். வீட்டில் இரண்டு மாமன்கள், ஓயாத சொத்துச் சண்டை.

அந்தப் பட்டறையில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொன்னால் போதும். வெள்ளைத் துணி வேறு நிறமாக மாறுவதைப் பார்த்துப் பார்த்துப் பையனுக்கு ஆசை வந்துவிட்டது. பண்டிகைக்கு விரிக்கும் வெள்ளை மேசைவிரிப்பை எடுத்துப் போய் நீலச் சாயத் தொட்டியில் முக்கினான். தாத்தா பிரம்பால் அடித்த அடியில் நினைவு தப்பிப் பல நாள் படுக்கையில் கிடந்தான். பட்டறையில் வேலை பார்த்த சிகானோக் என்ற இளைஞன், பிரம்பு ஒடியட்டும் என்று தன் கையைக் குறுக்கே நீட்டியிருக்கிறான். பிறகு வந்து, தடித்துப்போன அந்தக் கையைப் பையனிடம் காட்டினான். பின்னாளில் கார்க்கி எழுதியவற்றில் அடித்தவனும் வருகிறான், கையை நீட்டியவனும் வருகிறான். என் கணிப்பில் அவருடைய பலமே இந்த இரண்டு பேரையும் ஒரே வீட்டில் பார்த்ததுதான்.

அடித்த அதே தாத்தாதான் எழுத்தும் கற்றுக்கொடுத்தார். கதை சொன்னது பாட்டி அக்குலீனா. அம்மாவும் இறந்தபின், ‘வெளியே போய்ப் பிழைத்துக்கொள்’ என்று தாத்தா அனுப்பிவிட்டார். அப்போது வயது பதினொன்றுதான். செருப்புக்கடையில் எடுபிடி, வோல்கா நீராவிக் கப்பலில் பாத்திரம் கழுவும் பையன், சாமிப்படம் வரையும் பட்டறையில் உதவியாள் என்று போனது. கப்பலில் சமையல்காரராக இருந்த ஸ்மூரி என்பவர் ஒரு பெட்டி நிறையப் புத்தகம் வைத்திருந்தார். உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்பார். பள்ளிக்கூடம் இரண்டு வகுப்போடு நின்றுபோன பையனை வாசகனாக்கியது அந்தச் சமையலறைதான்.

கேள்வி: ‘தாய்’ நாவலில் வரும் அம்மா நிஜமான ஆளா அண்ணா?

ஆமாம் தம்பி. நிஷ்னிக்கு ஒட்டிய சோர்மொவோ தொழிற்சாலைப் பகுதியில் 1902 மே தின ஊர்வலம் நடந்தது. அதில் செங்கொடி பிடித்துப் போனவர் பியோத்தர் ஜலோமொவ் என்ற தொழிலாளி. அவருடைய அம்மா ஆன்னா ஜலோமொவா. மகனும் தாயும்தான் பாவெல், பெலகேயா நீலவ்னா பாத்திரங்களுக்கு மூலம். மகனைச் சைபீரியாவுக்கு நாடு கடத்தினார்கள். அங்கிருந்து தப்ப கார்க்கி பணம் கொடுத்து உதவினார். நாவலை அவர் 1906-இல் அமெரிக்காவில் இருந்தபோது எழுதத் தொடங்கினார். முதலில் வெளியானதும் ஆங்கிலத்தில்தான்.

நாவலின் முடிவில் போலீஸார் தாயின் கழுத்தை நெரிக்கிறார்கள். நிஜத் தாய் 1938 வரை வாழ்ந்தார், கார்க்கிக்குப் பிறகும் இரண்டு ஆண்டு. தொ.மு.சி. ரகுநாதன் மொழிபெயர்ப்பில் படித்து அழுத நம்மவர்களில் பலருக்கு இது ஆறுதலாக இருக்கும்.

கேள்வி: கார்க்கியின் மகன் பிரெஞ்சு ராணுவத்தில் ஜெனரலாக இருந்தார் என்று எங்கோ படித்தேன். நம்பவே முடியவில்லை.

வளர்ப்பு மகன் என்று சொல்லலாம். இன்னும் சரியாகச் சொன்னால் ஞானப்பிள்ளை. நல்ல கேள்வி கேட்டீர்கள், இந்த ஊரிலேயே எனக்கு மிகவும் பிடித்த குடும்பக் கதை இதுதான்.

நிஷ்னியில் ஸ்வெர்த்லொவ் என்று ஒரு யூதக் குடும்பம். அப்பா முத்திரை செதுக்கும் தொழில் செய்தவர். மூத்த பையன்களில் ஒருவர் ஜினோவி, 1884-இல் பிறந்தவர். அடுத்தவர் யாக்கொவ், 1885. கார்க்கிக்கு அந்த வீட்டோடு பழக்கம். ஜினோவிக்கு நாடகம் படிக்க ஆசை. யூதர்கள் மாஸ்கோவில் குடியிருக்க அப்போது தடை இருந்தது. எனவே 1902-இல் ஆர்த்தடாக்ஸ் திருச்சபையில் ஞானஸ்நானம் பெற்றார். ஞானத்தந்தையாக நின்றவர் கார்க்கி. அவருடைய குடும்பப் பெயரே இவருக்கும் வந்து, ஜினோவி பெஷ்கோவ் ஆனார்.

முதல் உலகப் போர் வந்ததும் பிரான்சின் அந்நியப் படையில் சேர்ந்தார். 1915 மே மாதச் சண்டையில் வலது கை போயிற்று. ஒற்றைக் கையோடு மறுபடி படைக்கே போனார், மொரோக்கோவில் போரிட்டார். இரண்டாம் போரில் பிரெஞ்சுத் தளபதி டிகாலுடன் சேர்ந்தார், ஜெனரல் ஆனார். சீனாவில் பிரான்சின் தூதராகவும் இருந்தார். 1966-இல் பாரிஸில் காலமானார்.

தம்பி யாக்கொவ் போல்ஷெவிக் ஆகி, 1917 நவம்பரில் சோவியத் ரஷ்யாவின் மத்திய நிர்வாகக் குழுத் தலைவரானார். பெயரளவில் நாட்டின் தலைவர் பதவி அது. 1919-இல் 33 வயதில் இறந்தார். எகத்தரின்பர்க் நகரம் பல்லாண்டுகள் ஸ்வெர்த்லொவ்ஸ்க் என்று இருந்தது இவர் பெயரால்தான். ஒரே முத்திரைக் கடையில் வளர்ந்த அண்ணன் தம்பி. ஒருவர் லெனினுக்குப் பக்கத்தில், இன்னொருவர் டிகாலுக்குப் பக்கத்தில்.

கேள்வி: கணித மாணவி நான். லொபச்செவ்ஸ்கியைக் கசான்காரர் என்றுதான் புத்தகங்களில் போடுகிறார்கள். உங்கள் பட்டியலில் எப்படி?

பிறந்தது நிஷ்னி, 1792. அப்பா நில அளவைத் துறையில் சின்ன உத்தியோகஸ்தர். அம்மா மூன்று பையன்களையும் அழைத்துக்கொண்டு கசானுக்குப் போய், 1802-இல் அரசுச் செலவில் பள்ளியில் சேர்த்தார். பதினான்கு வயதில் பல்கலைக்கழகம். அங்கே அவருக்குப் பாடம் நடத்திய பார்ட்டெல்ஸ், பின்னாளில் ஜெர்மன் கணித மேதையான காஸுக்கும் அவர் சிறுவனாக இருந்தபோது கற்பித்தவர். ஆகவே வளர்த்தது கசான் என்பதில் சந்தேகமே இல்லை.

கணிதம் உங்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு நேர்கோடு, அதற்கு வெளியே ஒரு புள்ளி. அந்தப் புள்ளி வழியாக முதல் கோட்டுக்கு ஒரே ஒரு இணைகோடுதான் போட முடியும் என்பது யூக்ளிடின் ஏற்பாடு. ஒன்றுக்கு மேல் போகலாம் என்று வைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று லொபச்செவ்ஸ்கி கேட்டார். முரண்பாடு எதுவும் வரவில்லை. முக்கோணத்தின் கோணங்களைக் கூட்டினால் 180 பாகைக்குக் குறைவாக வரும் புதிய வடிவியல் ஒன்று கிடைத்தது. 1826-இல் கசானில் முன்வைத்தார், 1829-இல் அச்சில் வரத் தொடங்கியது. பீட்டர்ஸ்பர்க் கணிதப் பெரியவர்கள் ஏளனம் செய்தார்கள். காஸ் மட்டும் ரஷ்ய மொழி கற்றுக்கொண்டு படித்துப் பாராட்டினார்.

1827 முதல் 1846 வரை அவரே துணைவேந்தர். 1830-இல் காலரா வந்தபோது பல்கலைக்கழக வளாகத்தை மூடி, ஆசிரியர்களையும் மாணவர்களையும் குடும்பத்தோடு உள்ளே தங்கவைத்துப் பலரைக் காப்பாற்றினார். கடைசியில் பார்வை போய், கடைசி நூலைச் சொல்லச் சொல்ல எழுதவைத்தார். நிஷ்னியின் அரசுப் பல்கலைக்கழகத்துக்கு இன்று அவர் பெயர். பிறந்த ஊர் கொஞ்சம் தாமதமாக உரிமை கொண்டாடியது, அவ்வளவுதான்.

கேள்வி: என்ஜினியர் யாராவது உண்டா?

குலிபின். 1735-இல் பிறந்த மாவு வியாபாரியின் மகன். எங்கும் முறையாகப் படித்ததில்லை. முட்டை வடிவில், கையில் அடங்கும் கடிகாரம் ஒன்று செய்தார். 427 பாகங்கள். ஒவ்வொரு மணிக்கும் சின்னக் கதவு திறக்கும், உள்ளே சிற்றுருவங்கள் அசைந்து இயேசு உயிர்த்தெழும் காட்சியை நடத்திக்காட்டும், இசையும் கேட்கும். அதை 1769-இல் பேரரசி இரண்டாம் காத்தரினிடம் கொடுத்தார். இன்று அது ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பேரரசி அவரை அறிவியல் கழகத்தின் பட்டறைகளுக்குப் பொறுப்பாக்கினார்.

பீட்டர்ஸ்பர்கின் நேவா ஆற்றுக்கு நடுவில் தூணே இல்லாமல், 298 மீட்டர் நீள ஒற்றை வளைவு மரப்பாலம் ஒன்றையும் திட்டமிட்டார். பத்தில் ஒரு பங்கு அளவில் மாதிரி செய்து 1776-இல் சோதித்தார்கள். கணித மேதை ஆய்லர் கணக்கைச் சரிபார்த்தார். மாதிரி சுமையைத் தாங்கியது. பாலத்தை மட்டும் யாரும் கட்டவில்லை. முதுமையில் ஊர் திரும்பி, 1818-இல் வறுமையில் இறந்தார். அப்படிப்பட்ட கையை வைத்துக்கொண்டு ஒரு பேரரசு அவரிடம் விழா வாணவேடிக்கைகளையும் கேட்டு வாங்கியதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆத்திரம் வருகிறது.

கேள்வி: மாஸ்கோ செஞ்சதுக்கத்தில் இரண்டு பேர் சிலை இருக்கிறதே, அவர்களுக்கும் இந்த ஊருக்கும் சம்பந்தமா?

கையை உயர்த்தி நிற்பவர் குஸ்மா மினின், நிஷ்னியில் இறைச்சி வியாபாரி. உட்கார்ந்திருப்பவர் இளவரசர் பொஜார்ஸ்கி. 1611-இல் மாஸ்கோ போலந்துப் படையிடம் இருந்தது, நாட்டுக்கு அரசனும் இல்லை. மினின் ஊராரைக் கூட்டிப் பணம் திரட்டிப் படை அமைத்தார், போர் தெரிந்த பொஜார்ஸ்கியைத் தலைமைக்கு அழைத்தார். 1612-இல் மாஸ்கோ மீண்டது. அந்தச் சிலையை முதலில் நிஷ்னியில் வைக்கத்தான் எண்ணம். பிறகு 1818-இல் மாஸ்கோவில் நிறுவிவிட்டார்கள்.

கேள்வி: இசை?

1837 ஜனவரியில் பிறந்த இசையமைப்பாளர் பலாக்கிரெவ். முசோர்க்ஸ்கி, போரொதின், ரிம்ஸ்கி-கோர்சகொவ், குயி ஆகிய இசையமைப்பாளர்களை ஒன்று சேர்த்து வழிநடத்தியவர். நூறாண்டு கழித்து, 1937-இல், பியானோ மேதை அஷ்கெனாசி இதே ஊரில் பிறந்தார். ஆனால் அவர் வளர்ந்ததும் படித்ததும் மாஸ்கோவில்.

கேள்வி: சகரொவ் இந்த ஊர்க்காரர்தானே?

இல்லை, அணு விஞ்ஞானியும் மனித உரிமைப் போராளியுமான அவர் மாஸ்கோவில் பிறந்தவர். ஆப்கானிஸ்தான் படையெடுப்பைக் கண்டித்ததற்காக 1980 ஜனவரியில் இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். ராணுவத் தொழிற்சாலைகள் நிறைந்த ஊர், வெளிநாட்டினர் நுழையத் தடை, அதனால் பத்திரிகையாளர்கள் அவரை நெருங்க முடியாது. கிட்டத்தட்ட ஏழு ஆண்டுகள் அடுக்குமாடிக் கட்டடத்தின் தரைத்தள வீட்டில், வாசலில் போலீஸ் காவலோடு இருந்தார். 1986 டிசம்பரில் திடீரென்று ஆட்கள் வந்து தொலைபேசி பொருத்திவிட்டுப் போனார்கள். மறுநாள் அதில் பேசியவர் சோவியத் தலைவர் கொர்பச்சொவ், மாஸ்கோவுக்குத் திரும்பலாம் என்று சொன்னார்.

கேள்வி: இப்போது வாழ்பவர்களில் யார்? எல்லாம் பழங்கதையாகவே இருக்கிறதே.

மாடல் நத்தாலியா வொதியானொவா. 1982-இல் பிறந்தார், ஊருக்கு அப்போது கார்க்கி என்றே பெயர். சிறுமியாகத் தெருவோரம் அம்மாவோடு பழம் விற்றார். தங்கை பெருமூளை வாதத்தோடு பிறந்தவள். பாரிஸ் மேடைகளில் உச்சத்தில் இருந்தபோதே, 2004-இல், குழந்தைகளுக்கான அறக்கட்டளை தொடங்கினார். முதலில் விளையாட்டுப் பூங்காக்கள், பிறகு தன் தங்கையைப் போன்ற பிள்ளைகளுக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் உதவி.

கேள்வி: ரஷ்யா போகிறேன், ஒரு நாள்தான் கையில். எதைப் பார்க்க?

மாஸ்கோவிலிருந்து வேக ரயிலில் நான்கு மணி நேரம். நேராகக் காஷிரின் வீட்டுக்குப் போங்கள். அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள், முற்றத்தில் சாயப்பட்டறையும் உண்டு. அப்புறம் கிரெம்ளின் கோட்டை, உள்ளே மிக்கயில் தேவதூதர் பேராலயத்தில் மினின் கல்லறை. குலிபின் கல்லறை அவர் பெயரிலுள்ள பூங்காவில். சகரொவ் வீடும் அருங்காட்சியகம்தான், ஆனால் மையத்திலிருந்து தள்ளி இருக்கிறது. நேரம் போதாவிட்டால் அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.