மறு: மூன்று தாள் கபுகி அச்சுப்படம், இரண்டு வட்ட முத்திரைகள்

வணக்கம். 'தொயொகுனி' என்ற கையொப்பம் இருப்பதால், உங்களிடமுள்ள, ஜப்பானின் கபுகி நாடக நடிகரைக் காட்டும் மூன்று தாள் மரக்கட்டை அச்சுப்படம் 1825-இல் மறைந்த ஓவியர் முதலாம் தொயொகுனியுடையதா என்று கேட்டிருந்தீர்கள். அவருடையதாக இருக்க முடியாது. நீங்கள் குறிப்பிட்ட இரண்டு சிறு வட்ட முத்திரைகள் தணிக்கையாளர்கள் இட்டவை. தேதி முத்திரை இல்லாமல் அவை மட்டும் இணையாக வருவது 1847 முதல் 1852-இன் தொடக்கம் வரையிலான வழக்கம். அக்காலத்தில் அப்பெயரில் ஒப்பமிட்டவர், 1844-இல் தம் ஆசிரியரின் பெயரை ஏற்றுக்கொண்ட குனிசாதா.

நடிகரின் பெயர் இல்லாததைக் குறையாக எண்ண வேண்டாம். 1842-இல் ஷோகுன் (ஜப்பானை ஆண்ட படைத்தலைவர்) அரசு நடிகர் படங்களைத் தடை செய்தது; அவை மெல்லத் திரும்பிவந்தபோது பாத்திரத்தின் பெயரை மட்டும் எழுதி, நடிகரின் பெயரை விட்டுவிட்டார்கள். எடோ (இன்றைய டோக்கியோ) நகர ரசிகர்களுக்கு, நடிகரை அடையாளம் காண அந்த மூக்கும் தாடையுமே போதுமானவையாக இருந்தன. நடுத்தாளில் இருப்பவரின் அங்கிக் கையில், ஒன்றினுள் ஒன்றாக மூன்று சதுரங்கள் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது இச்சிகாவா தஞ்சூரோ என்னும் கபுகி நடிகர் குடும்பத்தின் சின்னம். ஆகவே அம்மரபினர் ஒருவரைத்தான் வரைந்திருக்கிறார் என்பது என் கருத்து.

தாளைத் திருப்பி, சாய்ந்த ஒளியில் பாருங்கள். 'பாரென்' என்னும் தேய்ப்பு வட்டின் சுழல் தடங்களும், பின்புறம்வரை ஊறிய வண்ணமும் தெரிந்தால் அது கையால் அச்சிடப்பட்டது. உருப்பெருக்கியில் ஒழுங்கான சிறு புள்ளிகள் தெரிந்தால் இயந்திர அச்சு. கையால் அச்சிட்ட பிற்கால மறுபதிப்புகளும் உண்டு என்பதால், தாளின் தன்மையை நேரில் தொட்டுப் பார்க்கும் வல்லுநர் ஒருவரிடம் காட்டுவது நல்லது.

லேமினேட் செய்யும் எண்ணத்தை மட்டும் தயவுசெய்து கைவிடுங்கள். அமிலமற்ற தாள்களுக்கிடையே, வெயில் படாமல் வையுங்கள்.