ஐஸ்லாந்து 2008: வங்கிகள் விழுந்தபோது நட்டம் யார் தலையில் விழுந்தது?

2008 அக்டோபரில் ஐஸ்லாந்தின் மூன்று பெரிய வங்கிகளும் ஒரே வாரத்தில் விழுந்தன. இப்படியொரு நிலையில் ஒரு குட்டி நாடு என்னதான் செய்ய முடியும் என்று பலர் கேட்டிருந்தீர்கள். முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

கேள்வி: சார், "ஐஸ்லாந்து வங்கிகளைக் காப்பாற்றவில்லை, வங்கிக்காரர்களை ஜெயிலில் போட்டது, நாடு உடனே தேறிவிட்டது" என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, உண்மையா?

பாதிதான் உண்மை. காப்பாற்ற மனமில்லாமல் விட்டுவிடவில்லை, காப்பாற்ற வழியே இல்லை. அங்கே மக்கள்தொகை சுமார் 3,20,000. கிளிட்னிர், லான்ட்ஸ்பாங்கி, காப்திங் ஆகிய மூன்று வங்கிகளின் சொத்தோ நாட்டின் ஓராண்டு மொத்த உற்பத்தியைப் போல ஏறக்குறைய 10 மடங்கு. வாங்கிய கடனில் பெரும்பகுதி யூரோவிலும் டாலரிலும். மத்திய வங்கியால் சொந்த நாணயமான குரோனாவைத்தான் அச்சடிக்க முடியும், யூரோவை அச்சடிக்க முடியாது. இருந்தும் செப்டம்பர் 29 அன்று, கிளிட்னிரின் 75% பங்கை 60 கோடி யூரோவுக்கு வாங்குவதாக அரசு அறிவித்தது. அடுத்த பத்தே நாளில் மூன்றும் கைமீறிப் போயின.

ஜெயில் விஷயம் உண்மை. இதற்கென்றே சிறப்பு அரசு வழக்கறிஞர் ஒருவரை நியமித்து, காப்திங்கின் தலைமை அதிகாரி உட்படப் பலருக்குத் தண்டனை வாங்கித் தந்தார்கள். ஆனால் அதற்குப் பல வருடம் ஆனது.

கேள்வி: அப்படியானால் அரசு உண்மையில் எடுத்த முடிவு எது?

அக்டோபர் 6 அன்று நிறைவேறிய அவசரச் சட்டம். என் பார்வையில் முழுக் கதையும் அதில்தான் இருக்கிறது. அன்று பிரதமர் கெய்ர் ஹார்டே தொலைக்காட்சியில் பேசி, "கடவுள் ஐஸ்லாந்தைக் காக்கட்டும்" என்று முடித்தார். அன்றிரவே சட்டம் வந்துவிட்டது.

சட்டம் இரண்டு காரியம் செய்தது. ஒரு வங்கி திவாலானால், மிஞ்சியதைப் பங்கிட ஒரு வரிசை உண்டு. அந்த வரிசையில் டெபாசிட் போட்டவர்களை முன்னால் கொண்டுவந்தது. வங்கியின் கடன் பத்திரத்தை வாங்கி அதற்குக் கடன் கொடுத்திருந்த வெளிநாட்டு நிறுவனங்கள் பின்னால் போயின. அடுத்து, வங்கிகளைக் கையகப்படுத்திப் பிரிக்கும் அதிகாரத்தை அரசின் நிதிக் கண்காணிப்பு அமைப்புக்குக் கொடுத்தது. உள்ளூர் டெபாசிட்டும் உள்ளூர்க் கடனும் புது வங்கிக்கு மாறின. வெளிநாட்டுக் கடன் பழைய வங்கியோடே கிடந்தது. அதனால் வங்கி விழுந்த மறுநாளும் தலைநகர் ரெய்க்யாவிக்கில் ஒருவர் தன் கார்டைத் தேய்த்து ரொட்டி வாங்க முடிந்தது. ஒரு சமூகம் உடையாமல் இருக்க அதுதான் முதல் தேவை.

கேள்வி: குரோனாவின் மதிப்பும் விழுந்ததே. நாணயத்தின் மதிப்பு இறங்கினால் ஏற்றுமதிக்கு நல்லது என்கிறார்களே. சாதாரண மக்களுக்கு என்ன ஆனது?

மீனும் அலுமினியமும் விற்பவர்களுக்கு நல்லதுதான். பிறகு சுற்றுலாவும் பெருகியது. ஆனால் வீட்டுக்கடன் வாங்கியவர்களின் நிலையைப் பாருங்கள். அங்கே கடனின் அசல் விலைவாசியோடு சேர்ந்து ஏறும். 2 கோடி குரோனா கடன் என்று வைத்துக்கொள்வோம். 2009 ஜனவரியில் பணவீக்கம் 18.6%. ஒரே வருடத்தில் அசல் ஏறக்குறைய 2 கோடியே 37 லட்சம்! தவணையை ஒழுங்காகக் கட்டியவருக்கும் அசல் ஏறிக்கொண்டே போனது. வட்டி குறைவு என்று யென்னிலும் சுவிஸ் பிராங்கிலும் கணக்கிட்ட கடனை வாங்கியவர்கள் பாடு இன்னும் மோசம். குரோனா பாதியாக விழுந்தால் கடன் இரட்டிப்பாகும். அப்படி அந்நிய நாணயத்தோடு கட்டிப்போட்ட கடன்கள் சட்டவிரோதம் என்று 2010 ஜூனில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் பலருக்கு மூச்சு வந்தது. வீட்டின் மதிப்பில் 110 சதவீதத்துக்கு மேல் இருந்த கடனைத் தள்ளுபடி செய்யும் ஏற்பாடும் வந்தது.

இறக்குமதி விலைக்கு ஒரு சின்ன உதாரணம்: 2009 அக்டோபர் கடைசியில் மெக்டொனால்ட்ஸ் அந்த நாட்டையே விட்டுப் போனது. ஜெர்மனியிலிருந்து வரும் ஒரு கிலோ வெங்காயத்துக்கு ஒரு நல்ல விஸ்கி பாட்டிலின் விலையைக் கொடுக்க வேண்டியிருக்கிறது என்றார் அந்தக் கடைகளை நடத்தியவர்.

கேள்வி: பிரிட்டன் மக்களின் பணத்தை ஐஸ்லாந்துக்காரர்கள் ஏமாற்றிவிட்டார்கள் என்பது சரியா?

ஐஸ்சேவ் கணக்குகளைக் கேட்கிறீர்கள். லான்ட்ஸ்பாங்கி பிரிட்டனிலும் நெதர்லாந்திலும் இணையம் வழியாக வாங்கிய சேமிப்பு அது. உள்ளூர் டெபாசிட்டுக்கு அரசு முழுப் பொறுப்பேற்றது, வெளிநாட்டுக் கிளைகளுக்கு ஏற்கவில்லை. இந்த வித்தியாசம் எனக்கு இன்றும் உறுத்துகிறது. பிரிட்டன் கோபத்தில் பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின் கீழ் அந்த வங்கியின் சொத்தை முடக்கியது. அதுவும் அநியாயம்தான். டெபாசிட்காரர்களுக்கு அந்தந்த நாட்டு அரசுகள் பணம் கொடுத்துவிட்டு, ஐஸ்லாந்து மக்களின் வரிப்பணத்திலிருந்து அதைத் திரும்பக் கேட்டன. 2010இலும் 2011இலும் நடந்த வாக்கெடுப்புகளில் மக்கள் முடியாது என்றார்கள். 2013 ஜனவரியில் எஃப்டா (ஐஸ்லாந்து உறுப்பினராக உள்ள ஐரோப்பிய வர்த்தகக் கூட்டமைப்பு) நீதிமன்றமும் ஐஸ்லாந்து பக்கம் தீர்ப்பளித்தது. டெபாசிட் முன்வரிசையில் இருந்ததால், பழைய வங்கியின் சொத்தை விற்றே 2016 தொடக்கத்தில் அந்தக் கணக்கு முழுவதும் தீர்ந்தது.

கேள்வி: பணம் வெளியே ஓடாமல் எப்படித் தடுத்தார்கள்?

கட்டுப்பாடு போட்டார்கள். அதுவரை வழக்கமாக அதை எதிர்த்துவந்த ஐ.எம்.எஃப்பே (நெருக்கடியில் நாடுகளுக்குக் கடன் தரும் சர்வதேச நாணய நிதியம்) இங்கே ஒப்புக்கொண்டு, 210 கோடி டாலர் கடனும் கொடுத்தது. வெளிநாடு போகிறவர் பயண டிக்கெட்டைக் காட்டினால்தான் வங்கியில் அந்நிய நோட்டு கிடைத்தது. தற்காலிகம் என்று 2008 நவம்பரில் தொடங்கியது, பெருமளவு நீங்கியது 2017 மார்ச்சில். போடுவது சுலபம், எடுப்பதுதான் பாடு.

கேள்வி: இதேபோல் வங்கி நெருக்கடியில் சிக்கிய அயர்லாந்து, சைப்ரஸ் இரண்டும் ஏன் இப்படிச் செய்யவில்லை?

இரண்டும் யூரோ நாடுகள், மதிப்பைக் குறைக்கச் சொந்த நாணயம் இல்லை. ஆனால் எல்லாவற்றையும் யூரோ மேல் போட முடியாது. அயர்லாந்து 2008 செப்டம்பர் கடைசியில் ஒரே இரவில் வங்கிகளின் சுமார் 44,000 கோடி யூரோ பொறுப்புகளுக்கு உத்தரவாதம் கொடுத்துவிட்டது. அதில் பத்திரக்காரர்களும் அடக்கம். வங்கிகளுக்குள் கொட்டிய பணம் மட்டும் சுமார் 6,400 கோடி யூரோ. சைப்ரஸ் 2013 மார்ச்சில் ஒரு லட்சம் யூரோவுக்குக் கீழே சேமித்தவரிடமும் 6.75% பிடிக்கப் பார்த்தது. நாடாளுமன்றத்தில் அதற்கு ஆதரவாக ஓர் ஓட்டுகூட விழவில்லை. கடைசியில் சிறு சேமிப்பைத் தொடாமல் விட்டு, பெரிய டெபாசிட்காரர்கள் மேல் நட்டத்தைப் போட்டார்கள். ஆனால் அதற்குள் வங்கிகள் கிட்டத்தட்ட இரண்டு வாரம் பூட்டிக் கிடந்தன. ஐஸ்லாந்து முதல் நாள் இரவே முடிவு செய்த வரிசையைத்தான் அவர்கள் பத்து நாள் தவித்துக் கண்டுபிடித்தார்கள்.