எண்ணெய் நிரப்பும் மெஷின்: கேள்வி பதில்

பர்மாவில் எண்ணெய் அடைக்கும் சின்ன ஆலைக்காரர்கள் கேட்டவை இவை. பிஸ்டனால் அளந்து தள்ளும் மெஷினுக்கும், குறித்த நொடிகள் மட்டும் திறந்து ஊற்றும் டைமர் மெஷினுக்கும் மட்டும்தான் பதில் சொல்வேன். மூடி திருகும் மெஷின் என் கைக்குப் பழக்கமில்லை.

ரங்கூன், லைங்தாயா: பிஸ்டன் மெஷினில் கடலை எண்ணெய். காலையில் ஒரு வீசை தராசில் சரியாக நிற்கிறது, மத்தியானம் குறைகிறது. திருகை எந்தப் பக்கம் திருப்புவது?

இப்போதைக்குத் தொடாதீர்கள், அண்ணே. பிஸ்டன் அளப்பது கொள்ளளவை, நீங்கள் விற்பது எடையை. வீசை 1.633 கிலோ, 20 டிகிரியில் அது ஏறக்குறைய 1,785 மில்லி. ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் எண்ணெய் பத்தாயிரத்தில் ஏழு பங்கு போல் விரியும். மார்கழிக் காலையில் 20 டிகிரியில் வைத்த செட்டிங், தகரக் கூரைக்கு அடியில் தொட்டி 35 டிகிரிக்கு வந்த பிறகும் அதே 1,785 மில்லியைத்தான் தள்ளும். எடையிலோ 17 கிராம் போல் குறையும். மெஷின் மேல் குற்றமில்லை. தொட்டியில் ஒரு தெர்மாமீட்டரைத் தொங்கவிடுங்கள். காலை, பதினொரு மணி, இரண்டு மணி மூன்று வேளையும் சூட்டையும் அதற்குச் சரியாக நிற்கும் செட்டிங்கையும் எழுதி மெஷின் மேலேயே ஒட்டுங்கள். அப்புறம் தாராளமாகத் திருகலாம். மாற்றும் முன் பழைய அளவைக் குறித்துக்கொள்ளுங்கள்.

தங்லின்: எங்களுக்கு நேர்மாறு. டைமர் மெஷின், மத்தியானம் அளவு கூடுகிறது.

சரியாகத்தான் இருக்கிறது. 20 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குப் போனால் கடலை எண்ணெயின் பிசுபிசுப்பு ஏறக்குறையப் பாதியாகிவிடும். அதே நொடிக்குள் அதிகம் ஓடும். நேரத்தைக் குறையுங்கள். தொட்டி மட்டம் இறங்கினாலும் வேகம் மாறும், மிதவை வால்வு போட்டு மட்டத்தைக் கட்டுங்கள். பழைய அளவைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பெகு: நாசிலில், அதாவது எண்ணெய் விழும் குழாயில், சொட்டுகிறது.

நாசில் முனை சீலைக் கழற்றிப் பாருங்கள். சாதா ரப்பர் எண்ணெயில் ஊறிப் பருத்துவிடும், எண்ணெய் தாங்கும் நைட்ரைல் ரப்பர் கேளுங்கள். சீல் நன்றாக இருந்தால் கடைசிக் கட்ட வேகத்தைக் குறைத்துப் பாருங்கள்.

மோல்மேன்: தாத்தா காலக் கணக்கு நோட்டில் வீசை 1,400 கிராம் என்று இருக்கிறது. எதை வைப்பது?

அது சென்னைப் பக்கத்துப் பழைய வீசை, ஐயா. இங்கே 1.633. நோட்டைப் பத்திரமாக வையுங்கள், மெஷினில் வைக்காதீர்கள்.

பெகு, வேறொருவர்: 17 கிராமுக்கு இத்தனை பாடா? கடையில் கரண்டியால் ஊற்றுகிறவன் இதைவிட அதிகம் சிந்துகிறான்.

அவன் ஒரு பாட்டிலில் சிந்துகிறான், நீங்கள் ஆயிரம் பாட்டில் அடைக்கிறீர்கள். 17 கிலோ, அதாவது பத்து வீசைக்கு மேல். அது வாங்குகிறவர் பணம்.

மண்டலே: லிட்டரில் விற்றால் இந்தத் தொல்லையே இல்லையே.

எங்கே இல்லை? 35 டிகிரியில் ஒரு லிட்டர் அடைத்த பாட்டில் ராத்திரி 20க்கு வந்தால் 10 மில்லி சுருங்கும். கழுத்து ஒடுங்கிய பாட்டிலில் அது பளிச்சென்று தெரியும். குறைவாக அடைத்திருக்கிறான் என்று கடைக்காரர் சண்டைக்கு வருவார்.

பெகு, அதே ஆள்: அப்போ கொஞ்சம் கூடவே ஊற்றிவிட்டால்?

நட்டம் உங்களுக்கு. இரண்டு பக்கமும் இடிக்கிறது என்பதால்தான் தெர்மாமீட்டர் என்கிறேன்.

மண்டலே: எடை பார்த்தே நிறுத்தும் மெஷின் வாங்கிவிடலாமே?

வாங்கலாம், மெதுவாக ஓடும். காலி பாட்டில்களே ஒன்றுக்கொன்று கிராம் கணக்கில் வித்தியாசப்படும். ஒவ்வொன்றையும் வைத்துத் தராசைப் பூஜ்ஜியமாக்கிய பிறகு ஊற்றும் வகையாகப் பாருங்கள். இதோடு இந்த வழக்கை முடிப்போம்.

இன்சேன்: நாசில் சொட்டுகிறது, என்ன செட்டிங்?

மேலே பெகுவுக்குச் சொன்னது.

தக்கேத்தா: கரண்டு போய் ஜெனரேட்டர் ஓடும்போது அளவு தடுமாறுகிறது.

மெஷினுக்குக் காற்று தரும் கம்ப்ரசரின் அழுத்தம் 6 பாருக்கும் 8 பாருக்கும் இடையே ஏறி இறங்கினால் காற்று ரெகுலேட்டரை 5இல் வையுங்கள்; அடிமட்டத்துக்கும் கீழே இருந்தால்தான் காற்று ஒரே சீராக வரும். மழைக்காலத்தில் கம்ப்ரசர் டேங்கில் தண்ணீர் சேரும், தினமும் வடியுங்கள். வால்வு துருப்பிடித்த பிறகு செட்டிங் கேட்டு வராதீர்கள்.

தாங்ஜி: குளிரில் பாமாயில் கட்டியாகிறது.

தொட்டியைச் சூடாக்குங்கள். இது செட்டிங் விஷயமே இல்லை.

தட்டோன்: சொட்டு...

சீல், தம்பி, சீல்.

மோல்மேன்: பழைய பிஸ்டன் மெஷின் விலைக்கு வருகிறது. என்ன பார்க்கலாம்?

உங்கள் எண்ணெயையே கொண்டுபோய் இருபது பாட்டில் அடைத்து ஒவ்வொன்றாக எடை போடுங்கள். எல்லாம் ஒரே மாதிரி குறைந்தால் திருகினால் போதும். ஒன்று கூடி ஒன்று குறைந்தால் சீலோ வால்வோ காற்றோ போயிருக்கிறது. அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.