மோவாய் முடிக்கு லேசர் செய்துகொள்ளலாமா?

கேள்வி: பாபநாசம் அருகே ஒரு கிராமத்தில் வசிக்கிறேன். வயது 23. இரண்டு ஆண்டுகளாக மோவாயிலும் மேலுதட்டிலும் கரிய முடி முளைக்கிறது. பிடுங்கிப் பிடுங்கி மோவாயெல்லாம் கரும்புள்ளி. கை, கால்களிலும் முடி அதிகம். மாதவிலக்கு இரண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறது. தை மாதம் திருமணம். பாட்டி கஸ்தூரி மஞ்சள் பூசச் சொல்கிறார். தோழி வேக்சிங் என்கிறாள். தஞ்சாவூரில் ஓர் அழகு நிலையத்தில், லேசர் வைத்தால் ஆறே முறையில் நிரந்தரமாகப் போய்விடும் என்கிறார்கள். எதைச் செய்வது டாக்டர்?

பதில்: முடியைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு மாதவிலக்கை ஒரே வரியில் தாண்டிவிட்டீர்களே அம்மா! என் கண்ணில் முதலில் பட்டது அந்த வரிதான்.

கை, கால் முடி பெரும்பாலும் குடும்பவாகு. மோவாயில் கரிய முடி, கூடவே தள்ளிப்போகும் மாதவிலக்கு என்றால், ஆண் தன்மையுள்ள ஹார்மோன்கள் கூடியிருக்கலாம். இதற்கு மிகச் சாதாரணமான காரணம் பி.சி.ஓ.எஸ். எனப்படும் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை. பெயரில் கட்டி இருப்பதால் பயப்பட வேண்டாம்; முழுதாக முதிராமல் நின்றுபோன முட்டைப் பைகளைத்தான் அப்படிச் சொல்கிறோம். இதைக் கவனிக்காமல் லேசருக்குப் போவது, மதகைத் திறந்து வைத்துவிட்டு வயலில் நீரை இறைப்பது போல. ஒரு முடியைச் சுட்டால் பக்கத்தில் இன்னொரு பூனைமுடி தடித்துக் கிளம்பும்.

ஆகவே முதலில் மகப்பேறு மருத்துவரையோ தோல் மருத்துவரையோ பாருங்கள். தஞ்சாவூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கே போகலாம். டெஸ்டோஸ்டிரோன், தைராய்டு, புரோலாக்டின் ஆகிய ஹார்மோன்களுக்கும் சர்க்கரைக்கும் ரத்தப் பரிசோதனையும், தேவைப்பட்டால் ஸ்கேனும் எடுப்பார்கள். மாத்திரை தொடங்கினால் முடியில் மாற்றம் தெரிய ஆறு மாதமாவது ஆகும். திருமணம் நிச்சயமாகியிருப்பதை மறக்காமல் சொல்லுங்கள். இதற்குக் கொடுக்கும் சில மாத்திரைகளைச் சாப்பிடும்போது கருத்தரிக்கக் கூடாது. உங்களுக்கு முடி இரண்டு ஆண்டுகளாக மெல்ல வளர்ந்திருக்கிறது. யாருக்காவது சில மாதங்களிலேயே மளமளவென்று வளர்ந்து, குரலும் கட்டைக்குரலானால், ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடாமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இனி லேசர். முடிவேரின் கருமை ஒளியை உறிஞ்சிச் சூடாகி வேர் கருகுவதுதான் அதன் சூட்சுமம். நம் தோலிலும் அதே கருநிறமி இருப்பதால், கருவி பொருந்தாவிட்டால் தோலும் சேர்ந்து சுடும். மாநிறத்துக்கும் கறுப்புக்கும் 1064 நானோமீட்டர் அலைநீள ஒளியைப் பாய்ச்சும் என்டி-யாக் வகை லேசர் மற்றவற்றைவிடப் பாதுகாப்பானது. எந்த லேசர், இயக்குவது யார், காதோரம் ஓர் இடத்தில் சோதித்துப் பார்ப்பீர்களா என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். வளரும் பருவத்தில் உள்ள முடி மட்டுமே ஒளிக்கு வசப்படும் என்பதால் நான்கு முதல் ஆறு வார இடைவெளியில் பல முறை செய்ய வேண்டும். ‘நிரந்தரமாகப் போய்விடும்’ என்பது வியாபாரப் பேச்சு. நிரந்தரமாகக் குறையும் என்பதே சரி. நம் நாட்டுப் பெண்கள் சிலருக்குத் தாடையோரத்தில் முடி கூடிவிடுவதும் உண்டு. பத்துப் பதினைந்து முடிதான் என்றால், ஒவ்வொரு வேரையும் மின்சாரத்தால் அழிக்கும் எலக்ட்ராலிசிஸ் நல்லது. பொறுமை மட்டும் வேண்டும்.

லேசருக்கு நான்கு வாரம் முன்பிருந்தே பிடுங்குவதும் வேக்சிங்கும் திரெடிங்கும் கூடாது. வேர் உள்ளே இருக்க வேண்டும். அதுவரை சவரம் செய்யலாம். சவரமா, முடி தடித்துவிடாதா என்பீர்கள். தடிக்காது. 1928-லேயே மில்ட்ரெட் டிராட்டர் என்ற அமெரிக்க உடற்கூற்றியலாளர் இதை ஆராய்ந்து சொல்லிவிட்டார். நெல் அறுத்த தாள் காலில் குத்துகிறதே, அதனால் பயிர் தடித்துவிட்டது என்று யாராவது சொல்வோமா? நுனி மழுங்கியதால் சொரசொரப்பாக இருக்கிறது, அவ்வளவுதான்.

கை, கால்களுக்கு வேக்சிங் போதும். முடி கால் அங்குலமாவது வளர்ந்திருக்க வேண்டும். முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் சாப்பிடுபவர்கள் வேக்சிங் பக்கமே போகக் கூடாது, தோல் உரிந்துவிடும். வேக்சிங் செய்த மறுநாள் நடவு வயல் சேற்றில் இறங்காதீர்கள். திறந்திருக்கும் மயிர்க்கால்களில் சேறு புகுந்து, கால் முழுக்கச் சீழ்க்கொப்புளங்களோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். முடி நீக்கும் கிரீம் என்றால் முந்தின நாளே கையில் தடவிச் சோதியுங்கள். கால் கிரீமை முகத்தில் போட்டு, மேலுதட்டில் மீசை வடிவத்திலேயே புண்ணாகி ஒரு பெண் வந்தாள். முடி போகத்தான் செய்திருந்தது!

பாட்டி சொல்லும் கஸ்தூரி மஞ்சள் வேரை ஒன்றும் செய்யாது. ஆசைக்குப் பூசுங்கள்; தேய்த்துத் தேய்த்துத் தோலைப் புண்ணாக்காதீர்கள், கரும்புள்ளி கூடும்.

இது ஆவணி. புரட்டாசியில் லேசர் தொடங்கினால் தைக்குள் மூன்று, நான்கு முறை முடியும். கடைசி முறைக்கும் முகூர்த்தத்துக்கும் நடுவே மூன்று வாரமாவது இருக்கட்டும்.

மருத்துவரிடம் போகும்போது கடைசி ஐந்தாறு மாதவிலக்குத் தேதிகளை எழுதி எடுத்துச் செல்லுங்கள். போவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து மோவாயைத் தொடாதீர்கள். வெட்கமாகத்தான் இருக்கும், துப்பட்டாவை இழுத்து மூடிக்கொண்டாவது போங்கள். அவர் பார்க்க வேண்டியது அந்த முடியைத்தான்.