மொட்டைக்குக் காரணம்

அன்புள்ள அண்ணா,

வரும் பிப்ரவரி 4, உலகப் புற்றுநோய் தினத்தன்று நண்பர்கள் முப்பது பேர் கடலூர் சில்வர் பீச்சிலிருந்து புதுச்சேரி காந்தி சிலை வரை ஓடப்போகிறோம். செயற்கைக் காலோடு கனடாவில் ஓடிய டெர்ரி ஃபாக்ஸ் பற்றிப் படித்ததில் வந்த யோசனை. அன்று மாலை நகைச்சுவைப் பட்டிமன்றம் வைத்து நிதி திரட்டவும் திட்டம். எங்கள் குழுவிலேயே ஒரு பெரியவர், "சாவுற நோயை வச்சு சிரிப்பு காட்டுறீங்களா" என்று சண்டைக்கு வருகிறார். நோயை வைத்துச் சிரிக்கலாமா? பணத்தை எதற்குக் கொடுப்பது? டீ-ஷர்ட்டில் என்ன வாசகம் போடலாம்? இங்கே சிப்காட்டில் இருக்கிற ரசாயன ஆலைகள் பற்றியும் உங்கள் கருத்து வேண்டும். நோட்டீஸை இணைத்திருக்கிறேன்.

என் அம்மாவுக்கு இரண்டு வருடம் முன்பு இந்த நோய் வந்தது, இப்போது நன்றாக இருக்கிறார். வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாது. அதனால் என் பெயரைப் போட வேண்டாம்.

அன்புடன்,
ஒரு வாசகர், கடலூர்

*

அன்புள்ள தம்பி,

சில கேள்விகளை முதலிலேயே தள்ளிவிடுகிறேன். டீ-ஷர்ட் வாசகமெல்லாம் எனக்கு வராது, வெள்ளையாக வாங்குங்கள், வெயிலுக்கு நல்லது. சிப்காட் ஓட்டப்பந்தயக் கடிதத்தில் நாலு வரியில் முடிகிற சமாச்சாரமில்லை, இன்னொரு நாள். அந்தப் பெரியவரோடு சண்டை வேண்டாம், அவர் வீட்டில் யாருக்கு வந்தது என்று மட்டும் மெதுவாகக் கேட்டுப் பாருங்கள்.

என்னை உட்காரவைத்து எழுதவைத்தது உங்கள் நோட்டீஸ்தான். ரோஸ் கலர் ரிப்பன், சூரிய உதயம், கோத்த கைகள். "கொடிய நோய்", "உயிர்க்கொல்லி", "வென்று காட்டுவோம்". புற்றுநோய் என்ற சொல் ஒரே ஒரு இடத்தில், அதுவும் அந்த நாளின் பெயர் அப்படி இருப்பதால். வாய் இல்லை, மார்பு இல்லை, கர்ப்பப்பை இல்லை. மனித உடம்பே இல்லாத நோட்டீஸ். ஆனால் பாத்திரக்கடையிலிருந்து பர்னிச்சர் கடை வரை விளம்பரம் கொடுத்தவர்கள் பெயர் ஒன்றுவிடாமல் இருக்கிறது. அப்புறம் அந்தப் பட்டிமன்றத் தலைப்பு! "நோயை விரட்ட அதிகம் துணை நிற்பது கணவனா மனைவியா". ஏன் தம்பி இப்படி? ஒன்றரை மணி நேரம் மனைவியின் சமையலைக் கிண்டலடித்துவிட்டு, கடைசியில் நடுவர் "இருவரும்தான்" என்று கண்ணைத் துடைத்துக்கொள்வார், சாம்பார் சாதம் கொடுத்து அனுப்பிவிடுவீர்கள். சிரிக்கலாமா என்று என்னைக் கேட்கிறீர்கள். தாராளமாகச் சிரிக்கலாம். ஆனால் இதில் புற்றுநோயை வைத்து ஒரு சிரிப்புகூட இல்லையே, அதைச் சுற்றிவந்து தப்பிப்பதற்குத்தான் சிரிப்பு வைத்திருக்கிறீர்கள்.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை என் அத்தையிடம் பார்த்தேன். அதைச் சொன்னால் நான் சொல்ல வருவது புரியும்.

அத்தை திருப்பாப்புலியூரில் இருந்தார், ரயில் சத்தம் கேட்கிற தெரு. 1994-ல் அவருக்கு இடது மார்பில் ஒரு கட்டி. பாதி எலுமிச்சம்பழம் அளவு, வலி கிடையாது. வலி இல்லாததால் எட்டு மாதம் விட்டுவிட்டார். வலித்தால்தான் நோய் என்று நம் எல்லோருக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. மார்பில் வருகிற புற்றுக்கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. நடுவில் பார்த்த ஒரு டாக்டரும் கொழுப்புக் கட்டி என்று தைலம் எழுதிக் கொடுத்தார். கடைசியில் புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரிக்குப் போய், ஒரு மார்பை எடுத்து, மருந்து ஏற்ற ஆரம்பித்தார்கள். முதல் மருந்து ஏறியதும் நர்ஸம்மா, இரண்டு மூன்று வாரத்தில் முடி கொட்டும் என்று சொல்லி அனுப்பினார்.

அத்தை வீட்டுக்கு வந்து ஒரு ராத்திரி யோசித்தார். மறுநாள் காலையில் டவுன் பஸ் ஏறித் திருவந்திபுரம் போய் மொட்டை போட்டுக்கொண்டு, தலையில் சந்தனத்தோடு தெருவில் நடந்து வந்தார். திருப்பதிக்கு நேர்ந்துகொண்டதையும் தேவநாதசாமி கோயிலில் செலுத்தலாம் என்பது நம் பக்கத்து வழக்கம், அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. "என்ன வேண்டுதல்?" என்று எதிர்வீட்டு மருமகள் கேட்க, "உங்க மாமியார் வாய் குறையணும்னுதான்" என்றார் அத்தை. தெருவே சிரித்தது. அதற்கப்புறம் கேட்பவர்களுக்கெல்லாம் ஒவ்வொரு காரணம். ஒருத்தரிடம் மகனுக்கு வேலை, இன்னொருத்தரிடம் மாடு சினை பிடிக்க, வேறொருத்தரிடம் வாடகைக்காரன் காலி பண்ண. முடி வளர வளர ஊசி மறுபடி கொட்டவைக்கும், அத்தை அடுத்த மொட்டைக்கு அடுத்த காரணம் வைத்திருப்பார். பாவம் பெருமாள், அந்த வருடம் அவர் பெயரில் ஏகப்பட்ட கணக்கு ஏறியது. எனக்கு அப்போது பதினாறு வயது, இவ்வளவு தைரியமான பொம்பளை உலகத்திலேயே கிடையாது என்று நினைத்தேன்.

அதே தெருவில் இடியாப்பம் விற்கிற அக்கா ஒருவர் இருந்தார். ஒன்றரை வருடம் கழித்து ஒரு மத்தியானம் அத்தையைக் கூப்பிட்டு உள்ளே அழைத்துப்போய் முந்தானையை விலக்கிக் காட்டினார். கட்டி உடைந்து புண்ணாகியிருந்தது. எப்போதிலிருந்து என்று கேட்டதற்கு, அத்தை முதல் மொட்டை போட்ட சமயத்திலேயே கையில் தட்டுப்பட்டதாம். "நானும் பெருமாளுக்கு வேண்டிக்கிட்டேன் அக்கா. உங்களுக்கு மகன் வேலையெல்லாம் பலிச்சுதே, எனக்கும் பலிக்கும்னு இருந்துட்டேன்."

அந்த அக்கா அந்த வருடம் பொங்கலைப் பார்க்கவில்லை.

அத்தை ரொம்ப நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை. அப்புறம் ஒருநாள் செக்கப்புக்காகப் புதுச்சேரி பஸ்ஸில் போகிறோம், நான் துணைக்கு. கண்டக்டர் வந்ததும் அத்தை பஸ் முழுக்கக் கேட்கிற குரலில், "ஒரு பக்கத்தை வெட்டி எடுத்துட்டாங்கப்பா, அரை டிக்கெட் போட மாட்டியா?" என்றார். கண்டக்டருக்குப் புரிய நாலு நொடி ஆனது. புரிந்ததும் மனுஷன் டிக்கெட்டே கிழிக்காமல் முன்பக்கம் ஓடிவிட்டார். எனக்கு ஜன்னல் வழியே குதித்துவிடலாம் போலிருந்தது. பஸ்ஸில் பாதிப் பேர் சிரித்தார்கள், பாதிப் பேர் வேறு பக்கம் பார்த்தார்கள். ஆனால் ரெட்டிச்சாவடி வருவதற்குள் பின் சீட்டுப் பெண்மணி ஒருவர் எழுந்து வந்து என்னை நகரச் சொல்லிவிட்டு அத்தை பக்கத்தில் உட்கார்ந்து காதோடு ஏதோ கேட்டார். புதுச்சேரி வரைக்கும் இரண்டு பேரும் பேசிக்கொண்டே வந்தார்கள். ஜிப்மர் இருக்கிற கோரிமேட்டில் மூன்று பேராக இறங்கினோம்.

2013 வரை அத்தை அந்த ஜோக்கை விடவில்லை. எல்லோருக்கும் அலுத்துப்போய்விட்டது, அவருக்கு அலுக்கவே இல்லை.

முதல் சிரிப்பு நோயை மூடியது, இரண்டாவது பெயர் சொல்லித் திறந்தது. அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட் வந்ததும் அப்படித்தான் தம்பி. முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கையைப் புற்றுநோயில் பறிகொடுத்தவர். அதை வீட்டுத் துக்கமாக வைத்துக்கொள்ளாமல் சபைகளில் சொன்னார், பணம் கேட்டார், 1954-ல் 12 படுக்கைகளோடு அது தொடங்கியது. இவ்வளவு எதற்கு, நம்ம ஊர் மடத்தில் இருந்த நாவுக்கரசருக்குச் சூலை நோய் வந்தபோது திருவதிகையில் இருந்த அக்காளுக்கு ஆள் அனுப்பி, வயிற்று வலி தாங்கவில்லை என்றுதான் சொன்னார். "கொடிய நோய்" என்று சொல்லி அனுப்பவில்லை.

உங்கள் டெர்ரி ஃபாக்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். எலும்புப் புற்றுநோயால் 1977-ல் வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள், வயது பதினெட்டு. 1980-ல் கனடாவின் குறுக்கே 143 நாளில் 5,373 கிலோமீட்டர் ஓடினார், தினமும் கிட்டத்தட்ட ஒரு மாரத்தான். நோய் நுரையீரலுக்குப் போனதால் பாதியில் நிறுத்தி, அடுத்த ஜூனில் இறந்தார். நீங்கள் பார்ப்பது அந்தக் கிலோமீட்டரை, நான் பார்ப்பது அவர் போட்டிருந்த அரைக்கால் சட்டையை. முழுக்கால் பேன்ட் போட்டு அந்தச் செயற்கைக் காலை மறைத்திருக்கலாம் இல்லையா? மறைக்காமல் ஓடினார். போர்ட் ஓ பாஸ்க் என்ற ஊரில் பத்தாயிரம் பேர் சேர்ந்து பத்தாயிரம் டாலர் கொடுத்தார்கள், தலைக்கு ஒரு டாலர். அதைப் பார்த்துத்தான் நாட்டில் ஆளுக்கு ஒரு டாலர் கேட்டார். அவர் சாகும் முன்பே அது சேர்ந்துவிட்டது.

மெல்போர்னில் 2003-ல் முப்பது பேர் மீசை வளர்த்து ஆரம்பித்ததுதான் மூவெம்பர், ஆண்களுக்கு வருகிற புற்றுநோய்களைப் பற்றிப் பேசவைக்க நவம்பரில் மீசை வளர்க்கிற இயக்கம். அங்கே மீசை விநோதம், பார்க்கிறவன் ஏன் என்று கேட்பான், உடனே விரைப்பை, ப்ராஸ்டேட் என்று பேச்சை ஆரம்பிக்கலாம். நம்மூரில் மீசை வளர்த்தால் எவன் கேட்கப்போகிறான்? எடுத்தால் கேட்பான். வீட்டில் யார் தவறிவிட்டார்கள் என்று பதறிக்கொண்டு கேட்பான். உங்கள் முப்பது பேரில் எத்தனை பேர் மீசையை எடுக்கத் தயார்? ஓடுவதைவிட அது கஷ்டம் என்று நினைக்கிறேன்.

ஓடுகிற ரூட்டைப் பற்றி ஒன்று. புதுச்சேரி எல்லையான முள்ளோடை தாண்டியதும் மதுக்கடை வரிசை தொடங்குகிறது. நம் மாவட்டத்து ஆண்கள் பலர் தினமும் சாயங்காலம் அதே ரூட்டில் நிதி திரட்டாமலே ஒரு சவாலை முடித்துவிட்டு வருகிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1988-லேயே மதுவைப் புற்றுநோய்க் காரணியாக அறிவித்துவிட்டது. வாய், தொண்டை, உணவுக்குழாய், கல்லீரல், பின்னால் பெண்களுக்கு மார்பும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. கூடவே ஹான்ஸ் புகையிலையை வாயில் அடக்குபவன் கதை இன்னும் மோசம். அந்தக் கடை வாசலில் ஐந்து நிமிடம் நின்று, வாயில் புண் மூன்று வாரமாக ஆறாமல் இருந்தால் காட்டு என்று ஒருத்தனுக்குச் சொல்லுங்கள். பட்டிமன்றத்தை அங்கேயே வைத்தாலும் நான் தலைமை தாங்குகிறேன்.

பணம். மருந்துக்குக் காப்பீடு இருக்கிறது, அரசு மருத்துவமனை இருக்கிறது. கதிர் சிகிச்சை என்றால் வாரத்துக்கு ஐந்து நாள், பல வாரம். காட்டுமன்னார்கோயிலிலிருந்தோ விருத்தாசலத்திலிருந்தோ வருகிறவருக்குப் பஸ் காசு, கூட வருகிறவரின் கூலி, மத்தியானச் சாப்பாடு, ராத்திரி படுக்க இடம். பாதியில் நின்றுவிடுகிறவர்களில் பலர் இதற்காகத்தான் நிற்கிறார்கள். அங்கே கொடுங்கள், மேடையில் பெரிய அட்டை செக் நீட்டிப் போட்டோ எடுக்காதீர்கள்.

அம்மா விஷயம். மேலே இவ்வளவு திட்டிவிட்டு இதைச் சொல்வது முரணாகத் தெரியலாம். அம்மா யாரிடமும் சொல்லவில்லை என்றால் அது அவர் இஷ்டம். தன் உடம்பைப் பற்றி யாரிடம் எப்போது பேசுவது என்பது உங்கள் ஓட்டத்துக்காக முடிவாகிற காரியமில்லை. என் அத்தையை யாரும் பஸ்ஸில் பேசச் சொல்லவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன், இந்த நோட்டீஸை அவரிடம் காட்டினீர்களா? காட்டியிருக்க மாட்டீர்கள். இன்று ராத்திரி சாப்பிட்டபின் கொண்டுபோய்க் கொடுங்கள். எந்த வரியை அடிக்கலாம், எதைச் சேர்க்கலாம் என்று பேனாவையும் கொடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து விளக்கம் சொல்லாதீர்கள்.

அவர் அடித்துத் திருத்திய நோட்டீஸை எனக்கு அனுப்புங்கள், நூறு பிரதி நான் அடித்துத் தருகிறேன். ஓட்டத்துக்கும் வருகிறேன், ஓடுவதற்கு இல்லை, முழங்கால் போய்விட்டது. ரெட்டிச்சாவடியில் மோர்ப்பானையோடு நிற்பேன். விடியற்காலை ஐந்து மணிக்கே கிளம்பிவிடுங்கள், பிப்ரவரியானாலும் எட்டு மணிக்கு மேல் அந்தத் தார்ச்சாலை சும்மா விடாது.