பீரோ நிறைய அத்தையின் சேலைகள்

கேள்வி: எங்கள் படுக்கையறை பீரோவைத் திறந்தாலே துணி மேலே சரிந்து விழுகிறது. ஐந்து தட்டில் இரண்டு தட்டு முழுக்க, போன வருஷம் தவறிப்போன என் அத்தையின் சேலைகள். எடுக்க மனசு வரவில்லை. எங்கள் துணி கொடியிலும் நாற்காலியிலும் கிடக்கிறது. இன்னொரு பீரோ வாங்கலாம் என்கிறார் என் கணவர், ஆனால் அறையில் இடம் இல்லை. அம்மா இல்லாததால் என் தங்கை தை மாதம் பேறுகாலத்துக்கு எங்கள் வீட்டுக்குத்தான் வருகிறாள். அதற்குள் ஒழுங்குபடுத்த வேண்டும். வழி சொல்லுங்கள்.
- ஒரு வாசகி, கல்லிடைக்குறிச்சி

பதில்: அன்புச் சகோதரிக்கு,

இன்னொரு பீரோ வேண்டாம். தினமும் உடுத்துகிற துணியும், ஞாபகத்துக்காக வைத்திருக்கிற துணியும் ஒரே பீரோவில் கிடப்பதுதான் உங்கள் சிரமம். இரண்டையும் பிரித்துவிட்டால் அந்த ஐந்து தட்டே உங்கள் குடும்பத்துக்குத் தாராளம்.

அத்தை சேலையில் கை வைக்க முடியவில்லை என்கிறீர்கள். சரி, முதலில் அதைத் தொட வேண்டாம். உங்கள் துணியில் ஆரம்பியுங்கள். மழை இல்லாத, வெயில் அடிக்கிற நாளாகப் பார்த்து, தரையில் பாயை விரித்து ஒரே ஒரு தட்டை மட்டும் இறக்குங்கள். மொத்தத்தையும் ஒரே நாளில் கட்டிலில் கொட்டினால், ராத்திரி படுக்க இடம் வேண்டுமே என்று எல்லாம் அப்படியே திரும்பப் பீரோவுக்குள் போய்விடும். கணவரின் சாரம், பிள்ளைகளுக்குக் குட்டையாகிப்போன பள்ளிச் சீருடை, கிழிந்த துண்டு இதெல்லாம் பார்த்ததும் முடிவாகிவிடும். நேரம் எடுப்பது சேலைதான்.

உடுத்தாமல் கிடக்கிற சேலை ஒவ்வொன்றையும் எடுத்து, ஏன் உடுத்தவில்லை என்று பாருங்கள். பெரும்பாலும் காரணம் சேலையில் இருக்காது, ஜாக்கெட்டில் இருக்கும். இறுக்கமாகிப் போயிருக்கும், கொக்கி அறுந்திருக்கும். உள்பக்கம் தையலுக்கு மேல் துணி விட்டிருந்தால் பிரித்துத் தைத்துவிடலாம். அப்படிப்பட்டதை ஒரு பையில் போட்டு அன்றைக்கே தையற்காரரிடம் கொடுத்துவிடுங்கள். சேலையும் பிடிக்கவில்லை, ஜாக்கெட்டும் சேரவில்லை என்றால் தயங்காமல் கொடுத்துவிடலாம், துவைத்து மடித்து, கொக்கி எல்லாம் சரியாக இருக்கும்படி. வாங்குகிறவர்கள் மறுநாளே உடுத்துகிற மாதிரி இருக்க வேண்டும்.

அப்புறம் அத்தை சேலைக்கு வாருங்கள். அன்றைக்கு உங்கள் நாத்தனாரையும் வரச் சொல்லுங்கள். அவர் பெற்ற மகள். அவரைக் கேட்காமல் ஒன்றைக்கூட வெளியே கொடுக்காதீர்கள், பின்னால் மனத்தாங்கல் வரும். ஆளுக்கு இரண்டு பட்டு, பேத்திக்கு ஒன்று, அத்தை கடைசி நாட்களில் உடுத்திய சேலை ஒன்று என்று எடுத்து வையுங்கள். பழைய பட்டுக்குப் பணம் தருகிறோம் என்று தெருவில் வருகிறவரிடம் அவசரப்பட்டுக் கொடுக்க வேண்டாம். அந்தக் காலத்து ஜரிகையில் வெள்ளி இருக்கலாம். தெரிந்த கடையில் காட்டிவிட்டு முடிவு செய்யுங்கள்.

வைத்துக்கொள்கிற பட்டைப் பிளாஸ்டிக் கவரில் போடாதீர்கள். என் அம்மாவின் கல்யாணப் பட்டை நான் அப்படித்தான் வைத்தேன். உள்ளே ஈரம் தங்கி ஜரிகை முழுக்கக் கறுத்துவிட்டது. இன்றைக்கும் அதை எடுத்துப் பார்க்கும்போது மனசு வலிக்கிறது. பட்டுக்கு நல்ல உறை, அத்தையின் வெளிர் நிறப் பருத்திச் சேலைகள்தான். கஞ்சி போக அலசி, நன்றாகக் காயவைத்து, வெட்டி ஒவ்வொரு பட்டையும் அதில் சுற்றுங்கள். கஞ்சி இருந்தால் பூச்சி அரிக்கும். ஜாக்கெட்டைப் பட்டுக்குள் வைத்து மடிக்காதீர்கள், கொக்கித் துரு கறையாகிவிடும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை நிழலில் விரித்து மடிப்பை மாற்றுங்கள். ஒரே மடிப்பில் கிடந்தால் அந்த இடத்திலேயே இற்றுப்போகும். சுற்றிய மூட்டையை ஒரு டிரங்குப் பெட்டியில் அடுக்கிப் பரணில் ஏற்றிவிடுங்கள். இரண்டு தட்டு காலி.

பாச்சை உருண்டை விஷயத்தில் மட்டும் நான் சொல்வதைக் கண்டிப்பாகக் கேளுங்கள். வீட்டுக்குக் கைக்குழந்தை வரப்போகிறது. அந்த உருண்டையில் நாப்தலீன் இருந்தால், அந்த வாடை ஏறிய துணி சில பச்சிளங்குழந்தைகளுக்கு ஆபத்து. ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைக்கு ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து கடுமையான மஞ்சள் காமாலை வரலாம். யாருக்கு அந்தக் குறைபாடு என்று வெளியே பார்த்துத் தெரியாது. அதனால் இப்போதே உருண்டை எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, இரண்டு மூன்று நாள் பீரோவைத் திறந்து காற்றாட விடுங்கள். உள்ளே இருந்த துணியில் குழந்தைமேல் படக்கூடியதைத் துவைத்து, வெயிலில் நன்றாகக் காயவைத்து எடுங்கள். பதிலுக்கு வசம்பைத் துணியில் முடிந்து மூலையில் போடலாம்.

பீரோவைச் சுவரிலிருந்து நாலு விரற்கடை தள்ளி, அடியில் கட்டை கொடுத்து நிறுத்துங்கள். உங்கள் ஊர்ச் சாரலிலும் ஐப்பசி மழையிலும் வெளிச்சுவர் ஓதம் முதலில் பீரோவின் முதுகில்தான் ஏறும். பட்டா, பிள்ளைகளின் சான்றிதழ்கள் கீழ்த் தட்டில் இருந்தால் மேல் தட்டுக்கு மாற்றிவிடுங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணித் தண்ணீர் வீட்டுக்குள் வந்ததை நம் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டோம்.

காலியாகிற இரண்டு தட்டில் கண்ணுக்கு நேரான தட்டு உங்களுக்கு. குனியாமல் எடுக்கிற இன்னொன்றைத் தங்கைக்கு ஒதுக்குங்கள். அத்தை சேலையில் நல்ல நைந்த, மெத்தென்ற நூல் சேலை ஒன்றிரண்டை வெட்டாமல் தனியே எடுத்து வையுங்கள். தை மாதம் தொட்டில் கட்ட வேண்டும் அல்லவா?