முந்தின மாலை ஊருக்கு, மறுநாள் காலை உறவுக்கு

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிக்கிறோம். மகளுக்குப் புதுச்சேரியை அடுத்த வில்லியனூரில் வரன் அமைந்து, பூ வைத்து முடித்துவிட்டோம். ஐப்பசியில் ஒன்று, தையில் ஒன்று என இரண்டு முகூர்த்தங்களை ஜோதிடர் குறித்துக் கொடுத்திருக்கிறார். திருவந்திபுரம் கோயிலில் நூற்றைம்பது பேர் முன்னிலையில் தாலி கட்டிக்கொண்டு, மாலையில் புதுச்சேரிக் கடற்கரை விடுதி ஒன்றில் சிறிய வரவேற்பு வைத்தால் போதும் என்கிறாள் மகள். சம்பந்தி வீட்டாரோ ஆயிரம் பேரை அழைத்து, பெரிய மண்டபத்தில் எல்இடி திரை, செண்டை மேளம் சகிதம் நடத்த விரும்புகிறார்கள். செலவு இரு வீட்டுக்கும் பாதிப் பாதி. என் கணவர் இத்தனை வருடமாக ஊரெல்லாம் மொய் வைத்தவர். அவர்களைக் கூப்பிடாமல் எப்படி விடுவது என்று கலங்குகிறார். மாமியாருக்கு நலங்கும் மாமன் சீரும் குறைவில்லாமல் நடக்க வேண்டும். நான் யார் பக்கம் பேசுவது?
– ஒரு வாசகி, கடலூர்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

யார் பக்கமும் சாயாமல் நால்வரின் ஆசையையும் பெரும்பாலும் நிறைவேற்ற வழி இருக்கிறது. அந்த வழியை நம் பகுதியின் பழைய வழக்கமே உங்களுக்குத் தருகிறது. கடலூர், விழுப்புரம், புதுச்சேரி வட்டாரங்களில் முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மாலையிலேயே பெண் அழைப்பும் வரவேற்பும் நடந்துவிடுகின்றன. தாலி ஏறும் முன்பே மணமக்கள் மேடையில் ஒன்றாக நிற்பதைத் தென்மாவட்டத்து உறவினர்கள் வியப்போடு பார்ப்பார்கள். ஆனால் நமக்கு அது பழகிப்போன முறை. மாலை விருந்துக்கு வந்து, மணமக்களை வாழ்த்தி, மொய் எழுதி, சாப்பிட்டுச் சென்றவர்கள் மறுநாள் காலையில் வரவில்லை என்றால் நம்மில் யாரும் குறையாக எடுத்துக்கொள்வதில்லை. ஆகவே முந்தின நாள் மாலை கடலூரிலேயே ஒரு மண்டபத்தில் ஊர் முழுவதற்குமான வரவேற்பும் விருந்தும், மறுநாள் காலை திருவந்திபுரத்தில் நெருங்கிய உறவினர் நூற்றைம்பது பேர் முன்னிலையில் மாங்கல்ய தாரணமும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சம்பந்தி கேட்கும் கூட்டம், மகள் கேட்கும் அமைதி, உங்கள் கணவர் கேட்கும் செய்முறை ஆகிய மூன்றுக்கும் இதில் இடம் இருக்கிறது. புதுச்சேரிக் கடற்கரை வரவேற்பை மட்டும் கைவிடச் சொல்வேன். அதற்கான காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் தேதியை முடிவு செய்யுங்கள். தை முகூர்த்தத்தையே எடுத்துக்கொள்ளுங்கள் என்பது என் உறுதியான கருத்து. ஐப்பசியும் கார்த்திகையும் நமக்கு வடகிழக்குப் பருவமழைக் காலம் என்பதைக் கடலூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததையும், அடுத்த நாட்களில் தென்பெண்ணை பெருகிக் கடலூரின் பல பகுதிகளில் வெள்ளம் புகுந்ததையும் நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஐப்பசியில் நாள் வைத்துவிட்டால், மழை வருமா என்று வானிலை அறிக்கையைப் பார்த்தபடியே கடைசி வாரத்தைக் கழிக்க வேண்டியிருக்கும். வெளியூர் உறவினர்களும் பயணத்தை உறுதி செய்யத் தயங்குவார்கள். தையில் அந்தக் கவலை பெரும்பாலும் இல்லை. பொங்கலை ஒட்டிய நாட்களில் நம் மாவட்டத்துப் பன்னீர்க் கரும்பும் மஞ்சள் கொத்தும் எளிதாகக் கிடைக்கும் என்பதால், வாசலில் வாழையோடு அவற்றையும் கட்டினால் வெளிநாட்டுப் பூக்களால் செய்யும் அலங்காரத்தைவிட அழகாக இருக்கும்.

திருவந்திபுரம் பற்றி உங்கள் மகளுக்குத் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. தேவநாத சுவாமி சந்நிதியில் திருமணம் செய்வதாக வேண்டிக்கொள்ளும் குடும்பங்கள் ஏராளம். நல்ல முகூர்த்த நாட்களில் எதிரே உள்ள ஔஷதகிரி மலையில் நடக்கும் திருமணங்கள் நூற்றைத் தாண்டுவதும் உண்டு. ஒரு ஜோடிக்குக் கெட்டிமேளம் கொட்டும்போதே பக்கத்தில் அடுத்த ஜோடி மாலையோடு காத்திருக்கும். சாலையில் வாகனங்கள் நகர இடம் இருக்காது. அந்தக் கூட்டத்தையே ஒரு மங்கலமாகக் கருதி மகிழ்பவர்கள் உண்டு. ஆனால் அமைதியை எதிர்பார்த்து வரும் பெண்ணுக்கு அது ஏமாற்றமாகிவிடக் கூடாது. தையின் பெரிய முகூர்த்தங்களைத் தவிர்த்து, கூட்டம் குறைவான நாள் ஒன்று பொருந்துமா என்று ஜோதிடரிடம் கேட்டுப் பாருங்கள். கோயில் அலுவலகத்துக்கு நேரில் சென்று, முன்பதிவு செய்வது எப்படி, மணமக்களின் வயது, முகவரிச் சான்றுகளில் எவை தேவை, எத்தனை பேர் உட்கார இடம் கிடைக்கும் என்று இப்போதே விசாரித்து வையுங்கள். மலைக்குப் படிகள் ஏற வேண்டும் என்பதால், உங்கள் மாமியாரை அழைத்துச் செல்ல உடலில் வலு உள்ள இரண்டு பேரை அதற்கென்றே நியமியுங்கள். முகூர்த்த நேரப் பரபரப்பில் பெரியவர்களைக் கீழேயே விட்டுவிட்டு ஓடும் குடும்பங்கள் நிறைய.

முகூர்த்த நேரத்தைக் குறிக்கும்போது மணப்பெண்ணின் உடல்நிலையையும் எண்ணிப் பாருங்கள். முந்தின மாலை வரவேற்பு உள்ள திருமணங்களில் பெண் ஏழு மணிக்கு மேடை ஏறினால் பத்தரை மணி வரை கனமான பட்டும் நகையுமாக நின்றுகொண்டே இருக்கிறாள். வரிசை நீண்டுகொண்டே போகும். புகைப்படக்காரர் சிரிக்கச் சொல்லிக்கொண்டே இருப்பார். கடைசிப் பந்தி முடிந்த பிறகுதான் அவளுக்கு ஆறிப்போன சாப்பாடு வரும். முகூர்த்தம் நாலரை ஆறு என்று குறித்திருந்தால், இரண்டு மணிக்கே எழுப்பி அலங்காரத்துக்கு உட்கார வைப்பார்கள். தாலி கட்டும் நேரத்தில் பல மணப்பெண்களின் முகத்தில் தெரியும் களைப்புக்கு இதுவே காரணம். காலை ஒன்பதுக்கு மேல் உள்ள முகூர்த்தமாகக் கேட்டு வாங்குங்கள். வரவேற்பை ஒன்பதரைக்கு முடித்துக்கொள்ளுங்கள். நடுவில் இருபது நிமிடம் மேடையை நிறுத்தி, மணமக்கள் இருவரையும் உட்கார வைத்துச் சூடாகச் சாப்பிட வைக்கும் பொறுப்பை ஒரு சித்தியிடமோ அத்தையிடமோ ஒப்படையுங்கள்.

கடற்கரை வரவேற்பைக் கைவிடச் சொல்லும் காரணத்துக்கு வருகிறேன். அலங்காரக்காரர்கள் காட்டும் படங்களில் சூரியன் கடலில் இறங்கிக்கொண்டிருக்கும். மணமக்கள் அந்தச் செவ்வொளியில் நிற்பார்கள். அவை மேற்குக் கரையில் எடுத்த படங்கள். நம் கடல் கிழக்கே இருக்கிறது. புதுச்சேரியில் மாலையில் சூரியன் நம் முதுகுக்குப் பின்னால், ஊர்ப்பக்கம் மறையும். ஆறரை மணிக்கெல்லாம் கடல் இருண்டுவிடும். அதன் பிறகு மணலில் நடக்க முடியாத பெரியவர்களும், கடற்காற்றில் அலையும் விளக்குகளும், ஒலிபெருக்கியில் சரியாகக் கேட்காத நாதஸ்வரமும்தான் மிஞ்சும். தாலி கட்டிய அன்று மாலையே இத்தனை பேரையும் இருபது கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்யவைத்து, இரவில் மீண்டும் கடலூருக்குத் திரும்பவைக்க வேண்டும். புதுச்சேரி என்றாலே சில உறவினர்களுக்கு மதுவின் நினைவு வந்துவிடும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். குடித்துவிட்டுச் சாலையில் வண்டி ஓட்டி வருபவர்களை நினைத்து அன்று இரவு நீங்கள் தூங்க மாட்டீர்கள். உங்கள் மகளுக்குக் கடல்மீது ஆசை இருந்தால், திருமணத்துக்குச் சில வாரங்களுக்கு முன் ஒரு விடியற்காலையில் இருவரும் புதுச்சேரிக் கடற்கரைச் சாலைக்குச் சென்று படம் எடுத்துக்கொள்ளட்டும். சூரியன் கடலிலிருந்து எழும் அந்த நேரத்தில் சாலையில் வாகனங்களும் இருக்காது, வெளிச்சமும் இதமாக இருக்கும். பழைய பிரெஞ்சுத் தெருக்களின் மஞ்சள் சுவர்கள் அப்போதுதான் மிக அழகாகத் தெரியும். துணைக்கு இரு வீட்டிலிருந்தும் ஆளுக்கு ஒரு தங்கையோ தம்பியோ போய்வந்தால் பெரியவர்களுக்கும் நிம்மதி.

உங்கள் கணவரின் கலக்கத்தைப் பலர் பணக்கணக்கு என்று தவறாக எண்ணிவிடக் கூடும். மொய் என்பது நம் ஊரில் ஒரு குடும்பம் இன்னொரு குடும்பத்தின் பெரிய செலவுக்குத் தோள் கொடுத்த வரலாறு. அவர் யாருக்கு, எந்த விசேஷத்தில் எவ்வளவு வைத்தார் என்பது உங்கள் வீட்டுப் பழைய நோட்டிலும் அவர்கள் வீட்டு மொய் நோட்டிலும் எழுதியிருக்கும். அவர்களை அழைக்காமல் விட்டால், பணம் திரும்பி வராமல் போவதைவிட, ‘நம்மை மறந்துவிட்டார்கள்’ என்ற மனக்குறை நெடுநாள் நிற்கும். அதனால் அந்த நோட்டையே அழைப்புப் பட்டியலின் தொடக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் மொய்யாக எவ்வளவு வரும் என்று கணக்குப் போட்டு, அதை நம்பிக் கடன் வாங்கிச் செலவு செய்வதை மட்டும் அவர் செய்யவே கூடாது. கையில் இருக்கும் பணத்துக்குள் விருந்தை முடித்துவிட்டு, வரும் மொய்யை அப்படியே தனியாக எடுத்து வையுங்கள்; அந்தத் தொகை, நாளை அந்த வீடுகளில் விசேஷம் வரும்போது நீங்கள் திருப்பிச் செய்ய வேண்டியதும்கூட. மகளும் மாப்பிள்ளையும் மொய் வேண்டாம் என்று அழைப்பிதழில் அச்சிட விரும்பினால், உங்கள் கணவரின் சம்மதம் இல்லாமல் அதைச் செய்ய வேண்டாம்.

பட்டியலை அழைப்பிதழ் எண்ணிக்கையால் போடாதீர்கள். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் வரக்கூடியவர்களின் பெயரை எழுதிக் கூட்டுங்கள். இரு வீட்டாரும் தனித்தனியே எழுதி, பிறகு ஒன்றாக உட்கார்ந்து பாருங்கள். சம்பந்தி சொல்லும் ஆயிரம் அப்போது எழுநூறாகக் குறைந்தாலும் வியப்பில்லை. சாப்பாட்டுக் கூடத்தில் ஒரே நேரத்தில் எத்தனை பேர் உட்காரலாம் என்பதை வைத்தே மண்டபத்தைத் தேர்ந்தெடுங்கள்; மேடையின் அளவு அடுத்த கேள்வி. இருநூறு பேர் உட்காரும் கூடத்தில் ஒரு பந்தி முடிந்து இலை எடுத்துத் துடைக்க நாற்பது நிமிடம் ஆகும் என்று வைத்துக்கொண்டால், ஆயிரம் பேருக்கு ஐந்து பந்தி, அதாவது மூன்று மணி நேரத்துக்கும் மேல். பசியோடு நாற்காலிக்குப் பின்னால் நின்று, சாப்பிடுபவரின் இலையையே பார்த்துக்கொண்டிருக்கும் நிலைமை உங்கள் விருந்தினருக்கு வரக் கூடாது. தோசைக்கு ஒன்று, சாட்டுக்கு ஒன்று, பழச்சாறுக்கு ஒன்று என்று அங்கங்கே கடை விரிக்கும் இன்றைய பழக்கம் பிள்ளைகளுக்குப் பிடிக்கும், இரண்டு போதும். மீதிப் பணத்தை இலைச் சாப்பாட்டில் போடுங்கள். பதினைந்து வகை வைத்துப் பாதியை மிச்சம் வைக்கச் செய்வதைவிட, பண்ருட்டி முந்திரியைத் தாராளமாகப் போட்ட பாயசமும், நல்ல சாம்பாரும், கேட்காமலே இரண்டாவது முறை சாதம் போடும் ஆட்களும் இருந்தால் ஊர் நெடுநாள் பேசும்.

எல்இடி திரையைப் பற்றி நீங்கள் சம்பந்தியோடு வாதாட வேண்டியதில்லை. பெரிய கூடத்தில் பின்வரிசையில் இருப்பவர்களுக்கு அது உதவும். செண்டை மேளத்துக்கும் நாதஸ்வரத்துக்கும் சேர்த்துப் பணம் போதவில்லை என்றால் நாதஸ்வரத்தையே வைத்துக்கொள்ளுங்கள் என்று கேளுங்கள். மாப்பிள்ளை அழைப்பிலும் மறுநாள் மாங்கல்ய தாரணத்திலும் நம் வழக்கத்துக்கு வேண்டியது அதுதான். எந்த மேளமானாலும் திறந்த இடங்களில் ஒலிபெருக்கி இரவு பத்து மணிக்கு மேல் கூடாது என்பது சட்டம். சாலையோரத்தில் வைக்கும் வாழ்த்து பேனரை மட்டும் எக்காரணம் கொண்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். 2019 செப்டம்பரில் சென்னைப் பள்ளிக்கரணையில் ஒரு திருமண பேனர் சரிந்து விழுந்ததில், வண்டியில் சென்ற இளம்பெண் ஒருவர் உயிரிழந்தார். வேறு ஒரு வீட்டுப் பெண்ணின் உயிருக்கு ஆபத்தாகக்கூடிய எதுவும் நம் வீட்டு மங்கலத்தில் இருக்கக் கூடாது. தாம்பூலத்துக்கு மஞ்சப்பை கொடுங்கள். பிளாஸ்டிக் பைகளுக்கும், பிளாஸ்டிக் பூசிய தட்டுகளுக்கும் குவளைகளுக்கும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது.

உங்கள் மாமியார் கேட்பவற்றில் பெரும்பாலானவை வீட்டில் நடக்க வேண்டியவை. முகூர்த்தக்கால் நடுவதும், நவதானியம் முளைகட்டிப் பாலிகை தெளிப்பதும், நலங்கு வைப்பதும் கோயிலிலோ மண்டபத்திலோ அவசரமாகச் செய்வதைவிட உங்கள் மஞ்சக்குப்பம் வீட்டு வாசலிலும் கூடத்திலும் நிதானமாக நடந்தால்தான் அழகு. நலங்கை முந்தின நாள் காலையில் வையுங்கள். மஞ்சளும் சந்தனமும் பூசி விடுபவர்களின் வரிசையை மாமியாரே முடிவு செய்யட்டும். நலங்குப் பாட்டு தெரிந்தவர்கள் அவர் வயதில்தான் இருக்கிறார்கள். பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து கைப்பேசியில் பதிவு செய்யட்டும். மாமன் சீர்த் தட்டுகளை மாலை வரவேற்பின் தொடக்கத்தில், மேளம் முன்னே வர, மண்டப வாசலிலிருந்து எடுத்து வரச் செய்யுங்கள். உங்கள் உடன்பிறந்தவருக்கும் அது கௌரவம். தட்டுகளின் எண்ணிக்கையைப் பற்றி மட்டும் அவரிடம் முன்பே தனியாகப் பேசி, அவர் சக்திக்கு மேல் போக வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிடுங்கள். அவராக அதைச் சொல்ல மாட்டார்.

திருமணத்தைப் பதிவு செய்வதைத் தள்ளிப்போட வேண்டாம். 2009ஆம் ஆண்டுத் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி 90 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும்; தவறினால் கூடுதல் கட்டணத்தோடு 150 நாட்கள் வரை அவகாசம் உண்டு. கோயில் ரசீதையும் அழைப்பிதழ் ஒன்றையும் பத்திரமாக வைத்திருங்கள். மாப்பிள்ளை, புதுச்சேரியில் சிலரைப் போல, பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவராக இருந்தால், திருமணத்துக்கு முன்பே பிரெஞ்சுத் துணைத் தூதரகத்தில் முடிக்க வேண்டிய நடைமுறைகள் உண்டு. அவற்றுக்குப் பல வாரங்கள் பிடிக்கலாம்.

இவற்றையெல்லாம் சம்பந்தி வீட்டாரிடம் தொலைபேசியில் பேச வேண்டாம். எந்த மண்டபத்துக்கும் முன்பணம் கட்டுவதற்கு முன், நீங்களும் கணவரும் பூவும் பழமுமாக வில்லியனூருக்கு ஒருமுறை நேரில் சென்று வாருங்கள். மாலை வரவேற்பில் யார் யாரை வரவேற்பது, மேடையில் யார் நிற்பது என்பதையெல்லாம் அவர்கள் விருப்பப்படியே விட்டுவிடுகிறோம் என்று முதலில் சொல்லுங்கள். அதன் பிறகு, காலையில் நடப்பது எங்கள் பெண்ணின் விருப்பப்படி இருக்கட்டும் என்று கேளுங்கள். இந்த இரண்டையும் மாப்பிள்ளையிடம் உங்கள் மகள் முன்கூட்டியே பேசி வைத்திருந்தால், அவர் தன் பெற்றோரிடம் சொல்லிச் சம்மதம் வாங்குவது எளிதாக இருக்கும்.